கண் போகும் இடமும் கருவி காட்டும் இடமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பார்வை திரையில் எங்கே விழுகிறது என்பதைக் கண்டறியும் ‘ஐ டிராக்கர்’ கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில், கருவியின் பாதுகாப்பையும் துல்லியத்தையும் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு இயக்க நரம்பணு நோய். கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. கண் அசைவைக் கொண்டு எழுதும் கருவி ஒன்றை வாங்கித் திரைக்குக் கீழே பொருத்தியிருக்கிறோம். அது கண்ணுக்குத் தெரியாத ஒளியை நாள் முழுவதும் அவர் கண்களில் பாய்ச்சுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, மிச்சமிருக்கும் கண்ணும் போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறார். (வாசகர், கும்பகோணம்)

பதில்: தங்கள் தாயாரின் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் தரச்சான்று பெற்ற கருவியை, கையேட்டில் சொன்ன தூரத்தில் வைத்துப் பயன்படுத்தும்வரை அந்த ஒளியால் கண் கெட்டுவிடும் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

திரைக்குக் கீழே பொருத்திய அந்தக் கருவியில் உள்ள எல்இடி விளக்குகள் 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அது கருவிழியின் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலம்) வளைந்த பரப்பில் பட்டு ஒரு சிறிய மினுக்காகத் தெரிகிறது. அந்த மினுக்கையும் கண்மணியின் (கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) நடுப்புள்ளியையும் கேமரா ஒருசேரப் படம்பிடிக்கிறது. கண் திரும்பும்போது கண்மணி நகரும் அளவுக்கு மினுக்கு நகராது என்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள விலகலை வைத்துப் பார்வையின் திசையைக் கணக்கிட்டுவிடலாம்.

இந்த ஒளியில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. கண்கூசும் வெளிச்சம் பட்டால் இமை மூடிக்கொள்கிறது, கண்மணி சுருங்குகிறது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் இந்த இரண்டு தற்காப்புகளும் அப்போது வேலை செய்வதில்லை. ஆண்டுக்கணக்கில் உலைக்கு முன்னால் நின்று கண்ணாடி ஊதிய தொழிலாளர்களுக்குக் கண்புரை வந்ததற்கு உலையின் அகச்சிவப்பு வெப்பமே காரணம் என்பது மருத்துவ உலகுக்குப் பழைய செய்தி. எனவேதான் விளக்குகளின் ஒளிப் பாதுகாப்பைப் பற்றிய ஐஇசி 62471 என்ற சர்வதேசத் தரம், 1000 விநாடிகளுக்கு மேல் கண்ணில் படும் அகச்சிவப்பு ஒளிக்குச் சதுர மீட்டருக்கு 100 வாட் என்று வரம்பு கட்டியிருக்கிறது. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் சுமார் 1000 வாட், அதில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்பு என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த வரம்பு எவ்வளவு முன்னெச்சரிக்கையாக வைக்கப்பட்டது என்பது புரியும். இத்தரத்தில் ஆபத்தில்லாத விலக்குப் பிரிவு, அதன்பின் ஆபத்து கூடிக்கொண்டே போகும் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆபத்துப் பிரிவு என நான்கு படிகள் உள்ளன. தங்கள் கருவி எந்தப் படியில் இருக்கிறது என்பதைக் கையேட்டின் பாதுகாப்புப் பக்கத்தில் பாருங்கள். அந்த விவரமே அச்சிடப்படாத மலிவுக் கருவியாக இருந்தால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

தூரத்தையும் பார்க்க வேண்டும். சிறிய விளக்கிலிருந்து கண் இருக்கும் தொலைவைப் பாதியாகக் குறைத்தால், கண்ணில் விழும் ஒளி நான்கு மடங்காகும். 60 சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய அதே விளக்கைத் தலையில் அணியும் கருவியில் 3 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அது 400 மடங்காகும் என்பதால், அத்தகைய கருவிகளில் மிக மெல்லிய விளக்குகளையே வைக்கிறார்கள். அங்கேயும் மென்பொருள் உறைந்துபோய் விளக்கு முழு வேகத்தில் எரியத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி இருக்கிறது. மின்னோட்டத்துக்கான உச்சவரம்பை மின்சுற்றே விதிக்க வேண்டும். அதை மென்பொருளின் பொறுப்பில் விடுவது நல்ல பொறியியல் அன்று.

என்னைக் கேட்டால், தங்கள் தந்தையைப் பொறுத்தவரை ஒளியைவிடக் கண் வறட்சியே பெரிய கவலை. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணே கையாகவும் வாயாகவும் இருக்கும் ஒருவருக்கு அது நாள் முழுவதும் நடக்கும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து தேவையா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அவசரத்துக்கு உங்களை அழைக்கும் மணியை இந்தக் கருவியோடு மட்டும் கட்டிவைக்காதீர்கள். இரவில் இமை தாழ்ந்தாலோ மின்சாரம் போனாலோ கருவி அவரைக் காணாமல் விட்டுவிடும். தலையின் சிறு அசைவோ கன்னத்தின் அசைவோ மிச்சமிருந்தால், அதில் இயங்கும் தனிச் சுவிட்சு ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: நான் பேச்சுப் பயிற்சியாளர். கண்ணால் தட்டச்சு செய்பவர்களுக்குக் காலையில் காலிப்ரேஷன் (கருவியை அவரவர் கண்ணுக்கேற்பச் சரிசெய்தல்) செய்து கொடுத்தால் மிகச் சரியாக வருகிறது. மாலையில் ஒரு விசை தள்ளி விழுகிறது. விளம்பரத்தில் ‘0.5 டிகிரி துல்லியம்’ என்று போட்டிருக்கிறார்களே, அது பொய்யா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பொய் இல்லை, ஆனால் அது உங்கள் அறையில் எடுத்த அளவும் இல்லை. நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர்களைச் சீரான வெளிச்சத்தில், தலையை அசைக்காமல் உட்காரவைத்து, காலிப்ரேஷன் முடிந்த கையோடு எடுக்கும் அளவுகளே பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருகின்றன. 60 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி என்பது திரையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஒருவர் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கருவி காட்டும் புள்ளிகள் நெருக்கமாக விழுகின்றனவா என்பது ஓர் அளவு. அவை உண்மையில் அவர் பார்க்கும் இடத்தில்தான் விழுகின்றனவா என்பது வேறோர் அளவு. மாலையில் உங்களுக்கு நேர்வது இரண்டாவதில் வரும் கோளாறு. புள்ளிகள் நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் கூட்டமாக ஒரு பக்கம் தள்ளி விழும்.

காலிப்ரேஷன் ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கினால் இது விளங்கும். விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த நகத்தின் அகலம் அளவுக்கே கூர்மை கிடைக்கும். அந்தப் பகுதி கண்ணின் நடு அச்சில் இல்லாமல் சற்று விலகி அமைந்திருக்கிறது. கேமரா வெளியிலிருந்து கணிக்கும் அச்சுக்கும் உண்மையான பார்வைக் கோட்டுக்கும் இடையே சுமார் 5 டிகிரி வித்தியாசம் இருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறுவதால், திரையில் ஐந்து அல்லது ஒன்பது புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கைக் குலைப்பவற்றில் முதன்மையானது கண்மணியின் அளவு. காலையில் சன்னல் வெளிச்சத்தில் சுருங்கியிருந்த கண்மணி, மாலை மங்கலில் விரிகிறது. விரியும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விரிவதில்லை. அதன் நடுப்புள்ளியே நகர்ந்துவிடுகிறது. மினுக்குக்கும் கண்மணி நடுவுக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் பிழை புகுந்தாலே முடிவில் ஏறக்குறைய ஒரு டிகிரி தவறிவிடும். கண் திரும்பவே இல்லை, விளக்கு மட்டும் மாறியது. கருவியோ கண் திரும்பியதாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே எந்த வெளிச்சத்தில் எழுதப்போகிறாரோ அந்த வெளிச்சத்தில் காலிப்ரேஷன் செய்யுங்கள். மாலைக்கென்று தனியாக ஒன்றைச் சேமித்துவையுங்கள். வெள்ளைப் பின்னணித் திரையையும் கறுப்புப் பின்னணித் திரையையும் மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள்.

மற்றக் காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. தலையணையிலிருந்து தலை சரிகிறது; களைப்பில் மேலிமை தாழ்ந்து கண்மணியின் மேல்விளிம்பை மறைக்கிறது; கண் வறண்டால் கண்ணீர்ப் படலம் உடைந்து மினுக்கு கலங்கலாகிறது. இமை தாழ்வதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஸ்டீவன் ஹாக்கிங்குக்கும் கண்ணசைவுக் கருவியை முயன்று பார்த்தார்கள். தாழ்ந்த இமைகளால் அது சரிப்படவில்லை. கன்னத் தசையின் அசைவை உணரும் அகச்சிவப்பு உணரியே அவருக்கு உதவியது.

இனி விசைப்பலகை. தமிழ்99 அமைப்பின் மேல்வரிசையில் 12 எழுத்துகள் உள்ளன. 14 அங்குலத் திரையின் அகலம் சுமார் 31 சென்டிமீட்டர் என்பதால் ஒரு விசைக்கு இரண்டரை சென்டிமீட்டர் கிடைக்கும். விசையின் நடுவைப் பார்க்கும் ஒருவருக்கு இரு பக்கமும் 1.3 சென்டிமீட்டர்தான் இடம். பிழை ஒரு டிகிரியாக இருக்கும்வரை தப்பித்துவிடலாம். ஒன்றரை டிகிரி ஆனால் பக்கத்து விசைதான். அந்த அமைப்பில் ப-வும் ம-வும் அடுத்தடுத்து இருப்பதால் ‘பசி’ என்று எழுத நினைத்தவர் ‘மசி’ என்று எழுதிவிட்டு, எதிரே இருப்பவர் விழிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தகையவர்களுக்கு முதலில் எழுத்துக் கூட்டத்தையும் பிறகு அதனுள் எழுத்தையும் தேர்ந்தெடுக்கும் இரண்டு படி முறையைப் பழக்குங்கள். வேகம் குறையும், ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும் என்பதால் மாலையிலும் நம்பி எழுதலாம்.

பார்த்தாலே அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும் தொல்லைக்கு, தொட்டதெல்லாம் பொன்னான கிரேக்க மன்னன் மைடாஸின் பெயரைத்தான் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். பார்வை அரை விநாடி முதல் ஒரு விநாடி வரை ஒரே இடத்தில் நிலைத்தால் மட்டும் அழுத்தியதாகக் கொள்வது வழக்கமான தீர்வு. ‘அழி’, ‘அனுப்பு’ போன்ற விசைகளுக்கு இரண்டாம் முறை உறுதிப்படுத்தல் வேண்டும். பார்வை ஓய்வெடுக்க எதுவும் இயங்காத ஒரு மூலையும் திரையில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கணிப்பு தளர்ந்துவிட்டது என்பதைக் கருவியே உணர்ந்து ‘மீண்டும் காலிப்ரேஷன் செய்யவும்’ என்று கேட்க வேண்டும். பிழையான இடத்தைத் தயக்கமின்றிக் காட்டும் கருவியைவிட, தெரியவில்லை என்று நின்றுவிடும் கருவியே பாதுகாப்பானது என்பது என் கருத்து. இந்தப் பக்கத்திலுள்ள மற்றக் கேள்விகளுக்கும் இதையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

கேள்வி: கணினி இல்லாத காலத்தில் கண்ணசைவை எப்படி அளந்தார்கள்? (பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: கண்ணைத் தொட்டுத்தான் அளந்தார்கள். வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவி நிற்கிறது என்பது 1879இல் பாரிஸில் லூயி எமீல் ஜாவாலின் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த செய்தி. அதை அளக்க விரும்பிய அமெரிக்கர் எட்மண்ட் ஹ்யூயி, நடுவில் துளையிட்ட பாரிஸ் சாந்துக் கிண்ணத்தைக் கருவிழிமீது பொருத்தி, அதில் ஓர் அலுமினிய முள்ளை இணைத்து, புகைபூசிய உருளையில் கோடு கிழிக்கவைத்தார். கண் மரத்துப்போகக் கோக்கெய்ன் சொட்டுகள் விட்டார்கள். 1901இல் ரேமண்ட் டாட்ஜும் தாமஸ் கிளைனும் கருவிழியில் தெரியும் ஒளி மினுக்கைப் புகைப்படத் தகட்டில் பதிவுசெய்தபோதுதான் கண்ணைத் தொடாமல் அளக்கும் வழி பிறந்தது. இன்றைய கருவிகள் அதன் வாரிசுகள். ஆனாலும் மிக நுட்பமான அளவு வேண்டும் என்றால் மறுபடியும் கண்ணைத் தொட்டார்கள். 1963இல் டேவிட் ராபின்சன், கண்ணில் ஒட்டும் லென்சுக்குள் மெல்லிய கம்பிச்சுருளைப் புதைத்துக் காந்தப்புலத்தில் அளந்த முறை, ஒரு டிகிரியில் மிகச் சிறு பங்கைக்கூடக் காட்டியது. அதை மரத்துப்போகும் மருந்து விட்டுச் சுமார் அரை மணி நேரமே அணிய முடிந்தது. துல்லியம் வேண்டுமா, கண்ணின் நலம் வேண்டுமா என்ற இழுபறி இந்தத் துறைக்குப் புதிதில்லை.

கேள்வி: ஆய்வு ஒன்றில் பங்கேற்கச் சென்றபோது கண்மையைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஏன்? (கல்லூரி மாணவி, புதுச்சேரி)

பதில்: கண்மையிலுள்ள கரி, அகச்சிவப்பு ஒளியிலும் கறுப்பாகவே தெரியும். கருவியோ படத்தில் மிகக் கறுப்பான வட்டத்தைத்தான் கண்மணி என்று தேடுகிறது. இமையோரத்தில் தடித்த கறுப்புக் கோடு இருந்தால் அதையும் கண்மணியோடு சேர்த்துக்கொள்ளும். நம்மவர்களின் அடர்ந்த பழுப்பு ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) இந்த ஒளியில் தொல்லை தருவதில்லை. அகச்சிவப்பை மெலனின் என்ற நிறமி அதிகம் உறிஞ்சாததால் ஐரிஸ் வெளுத்தும் கண்மணி கறுத்தும் தெரியும். சாதாரண வெளிச்சத்தில் எடுக்கும் வெப்கேம் படத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு, கண்ணாடியில் விழும் கூடுதல் பிரதிபலிப்புகள் தொல்லை; தூரப்பார்வைக்கும் வாசிப்புக்கும் ஒரே கண்ணாடியாக இருந்தால், பார்வை கீழே இறங்கும்போது ஒளி வளையும் அளவும் மாறிவிடும்.

கேள்வி: வீட்டிலிருந்து எழுதிய நுழைவுத் தேர்வில், திரையை விட்டு அடிக்கடி வெளியே பார்த்தாய் என்று மடிக்கணினிக் கேமராவை வைத்து மென்பொருள் குறி போட்டிருக்கிறது, என் மகனின் முடிவை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அவனுக்குப் பிறவியிலேயே லேசான மாறுகண் உண்டு. (வாசகி, திருச்சி)

பதில்: ஒரு சாதாரண கேமராவால் எவ்வளவு முடியும் என்பதை முதலில் பார்ப்போம். 2016இல் எம்ஐடி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள், 1450க்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய படங்களால் பயிற்றுவித்த மென்பொருள், செல்பேசியில் காலிப்ரேஷன் இல்லாதபோது சராசரியாக 1.71 சென்டிமீட்டர் தவறியது. 2020இல் கூகுள் ஆய்வாளர்கள், ஆளுக்கேற்பச் சரிசெய்த பிறகு அதை 0.46 சென்டிமீட்டருக்குக் குறைத்துக் காட்டினார்கள். இரண்டும் பாராட்டத்தக்க சாதனைகளே. ஆனால் செல்பேசி முகத்துக்கு அருகே, நேராக இருப்பது. மேசைமீது சாய்ந்த மடிக்கணினி, ஒரு பக்கத்து டியூப்லைட், அசையும் தலை, காலிப்ரேஷன் இல்லாத மென்பொருள் ஆகியவை ஒன்றுசேர்ந்தால் பிழை இதைவிடப் பல மடங்கு கூடும்.

மாறுகண் உள்ளவருக்குப் பிழை இன்னும் அதிகம். இரு கண்களின் திசையையும் எடுத்துச் சராசரி காணும் மென்பொருளுக்கு, இரண்டும் வேறு வேறு இடத்தைச் சுட்டினால், யாருமே பார்க்காத மூன்றாவது இடம்தான் விடையாகக் கிடைக்கும். மாறுகண் இல்லாதவர்களும் கடினமான கணக்கை மனத்தில் போடும்போது பார்வையைத் திரையிலிருந்து திருப்பிக்கொள்வார்கள் என்பது உளவியலில் சோதித்து அறிந்த செய்தி. யோசித்ததற்காகக் குறி வாங்குவது கொடுமை.

கண் மருத்துவரின் சான்றிதழை இணைத்து, மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். தேர்வுக்கு முன் அவனுக்குக் காலிப்ரேஷன் செய்யப்பட்டதா? மாறுகண் உள்ளவர்களிடம் இந்த மென்பொருள் சோதிக்கப்பட்டதா? குறி விழுந்த காட்சிகளை ஒரு மனிதர் பார்த்தாரா? 2023ஆம் ஆண்டின் இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையும் குறைதீர்ப்புக்கான உரிமையும் உண்டு. மகன் 18 வயதுக்குட்பட்டவனாக இருந்தால் பெற்றோரின் ஒப்புதலும் தேவை; சிறாரின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் அச்சட்டம், சில விதிவிலக்குகளோடு, தடை விதிக்கிறது. அந்த விதிவிலக்குகளும் சட்டத்தின் எந்தப் பகுதி எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பதும் முக்கியம் என்பதால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுதுவது நல்லது.

கேள்வி: பாரிஸில் டாக்ஸி ஓட்டுகிறேன். புதிதாக வாங்கிய கார், நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘சாலையைப் பார்’ என்று கத்துகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டால் கத்தல் அதிகமாகிறது. இது என்ன சட்டமா? பதிவுகள் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகுமா? (வாசகர், பாரிஸ்)

பதில்: சட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2144 எண் ஒழுங்குமுறையின்படி, ஓட்டுநரின் கவனச்சிதறலை எச்சரிக்கும் அமைப்பு 2024 ஜூலை 7 முதல் புதிதாக அங்கீகாரம் பெறும் கார் மாதிரிகளிலும், 2026 ஜூலை 7 முதல் பதிவாகும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது பார்வை மூன்றரை விநாடிகள் கீழ்நோக்கியே இருந்தால் எச்சரிக்க வேண்டும். 20 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 6 விநாடிகள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை விநாடி என்பது ஏறக்குறைய 49 மீட்டர் தூரம். அந்த அளவு தளர்வானது என்றே நான் சொல்வேன். ஆகவே சட்டத்தின்மீது எனக்குக் குறையில்லை. தவறாகக் கத்தும் கருவியின்மீதுதான் குறை.

கறுப்புக் கண்ணாடிகளில் பல, அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். நமக்குக் கறுப்பாகத் தெரிவது கேமராவுக்குத் தெளிவாகத் தெரியும். சில கண்ணாடிகளின் பூச்சு மட்டும் அதையும் தடுக்கிறது. அப்போது கண் தெரியாததால், மென்பொருள் தலையின் சாய்வை வைத்து ஊகிக்கத் தொடங்குகிறது. வேறு கண்ணாடி ஒன்றை மாட்டிப் பாருங்கள். மாலை வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது மட்டும் கத்துகிறது என்றால், சூரிய ஒளியிலுள்ள அகச்சிவப்பு கருவியின் மினுக்கை மூழ்கடிக்கிறது என்று பொருள். இதற்காகவே பல கார்களில் 940 நானோமீட்டர் விளக்கு வைக்கிறார்கள். அந்த அலைநீளத்தைக் காற்றிலுள்ள நீராவி பெருமளவு உறிஞ்சிவிடுவதால் வெயிலில் அது குறைவு. கேமராச் சில்லு அந்த அலைநீளத்தை 850-ஐவிடக் குறைவாகவே உணரும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. சிரிக்கும்போது கண் சுருங்கும் முகவாகு உள்ளவர்களைத் தூங்குவதாக எண்ணும் கருவிகளும் உண்டு. இமை எவ்வளவு திறந்திருப்பது ‘விழிப்பு’ என்பதை அந்தந்த ஓட்டுநரின் முகத்திலிருந்தே கற்காமல் ஒரே அளவை எல்லோருக்கும் வைத்ததன் விளைவு அது.

காருக்குள் இருக்கும் இந்த அமைப்பு, தேவைக்கு மேல் தொடர்ந்து பதிவுசெய்யவோ சேமிக்கவோ வெளியாருக்குத் தரவோ கூடாது என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. ஆனால் டாக்ஸி நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ தனியாகப் பொருத்தும் கேமரா இதில் அடங்காது. அதற்கு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும். எச்சரிக்கையை அணைத்துவைக்கலாம்; அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: மகளுக்குப் பார்வைக் குறையை லேசரால் திருத்தும் லேசிக் சிகிச்சை செய்ய இருக்கிறோம். லேசர் படும்போது கண்ணை அசைத்துவிட்டால்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அசைக்கத்தான் செய்வாள், எவராலும் கண்ணை முழுதாக அசையாமல் வைத்திருக்க முடியாது. கருவிழியைச் செதுக்கும் 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர், சிறு சிறு துடிப்புகளாகவே விழுகிறது. அதோடு இணைந்த ஐ டிராக்கர் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கண்ணின் இடத்தைப் பார்த்து அடுத்த துடிப்பை அங்கே திருப்புகிறது. கண் எல்லை மீறி நகர்ந்தால் லேசர் தானே நின்றுவிடும். தெரியாதபோது கருவி நின்றுவிட வேண்டும் என்று முன்பு நான் சொன்ன அளவுகோல் இங்கே நிறைவாகவே பொருந்துகிறது.

கவனிக்க வேண்டியது, கண் தன் அச்சிலேயே சுழல்வது. உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவுக்கும் மல்லாந்து படுத்திருக்கும்போது உள்ள நிலைக்கும் சில டிகிரி சுழற்சி இருக்கலாம். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததால் வரும் பார்வைக் குறை) உள்ளவர்களுக்கு இது முக்கியம்: 4 டிகிரி சுழன்றால் சிலிண்டர் திருத்தத்தில் 14 சதவீதமும், 10 டிகிரி சுழன்றால் 35 சதவீதமும் சரியாகாமல் மிஞ்சும். ஐரிஸின் வரிகளை ஒப்பிட்டு இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்து ஈடுசெய்யும் வசதி அவர்களின் இயந்திரத்தில் உண்டா என்றும், இல்லாவிட்டால் உட்கார்ந்த நிலையிலேயே கண்ணில் மையால் குறியிடுவார்களா என்றும் கேளுங்கள். சிலிண்டர் பவர் மிகக் குறைவு என்றால் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

கேள்வி: அலுவலகத்தில் கண்ணசைவை உணரும் ஹெட்செட் (கண்களுக்கு முன்னால் திரை வருமாறு தலையில் அணியும் கருவி) கொடுத்திருக்கிறார்கள். நான் எதைப் பார்க்கிறேன் என்பது நிர்வாகத்துக்குத் தெரியுமா? (மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்)

பதில்: அது எந்த ஹெட்செட், அதில் எந்தச் செயலிகள் என்பதைப் பொறுத்தது. ஆப்பிள் விஷன் புரோ என்ற ஹெட்செட்டில், பார்வை எங்கே அலைகிறது என்பது செயலிகளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. விரல்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேர்வு மட்டுமே செயலிக்குப் போகும். வேறு சில கருவிகளில், அனுமதி கொடுத்துவிட்டால் பார்வைத் தரவு செயலிக்கே போய்ச் சேரும். எனவே அனுமதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இவ்வளவு கவனமாகக் கட்டிய ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. 2024இல் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர் குழு ஒன்று, ‘கேஸ்பிளாயிட்’ என்று பெயரிட்ட ஒரு தாக்குதலை வெளிப்படுத்தியது. வீடியோ அழைப்பில் பயனருக்குப் பதிலாகத் தோன்றும் டிஜிட்டல் உருவத்தின் கண்கள், அவரது உண்மையான கண்கள் திரும்பும்போதெல்லாம் திரும்புகின்றன. அழைப்பில் இருந்தபடியே அவர் கண்ணால் தட்டச்சு செய்தால், இமைப்பது குறைந்து, பார்வை விசைக்கு விசை தாவி நிற்கும். எதிர்ப்பக்கத்தில் அந்த உருவத்தைப் பதிவுசெய்தவர், அதிலிருந்தே எழுத்துகளை ஊகிக்க முடிந்தது. 30 பேரிடம் சோதித்தபோது, ஐந்து ஊகங்களுக்குள் கடவுச்சொல்லில் 77 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள். கருவியை உடைக்கவும் இல்லை, உள்ளே நுழையவும் இல்லை; கண்ணசைவை மிகத் துல்லியமாகக் காட்டியதே ஓட்டையாகிவிட்டது. ஜூலை 2024இல் வந்த, அந்த ஹெட்செட்டின் இயங்குதளமான விஷன்ஓஎஸ் 1.3 பதிப்பில், மெய்நிகர் விசைப்பலகை திறந்திருக்கும்போது அந்த உருவத்தை நிறுத்திவைக்கும்படி ஆப்பிள் திருத்திவிட்டது.

ஐரிஸ் படம் இன்னொரு கவலை. கைரேகையைப் போல் அதையும் மாற்றிக்கொள்ள முடியாது. கண்ணைப் படம்பிடிக்கும் கேமராவின் குவியத்தை வேண்டுமென்றே சற்று மங்கலாக்கினால், பார்வைத் திசையின் கணக்கு பெரிதாகக் கெடாமலேயே ஐரிஸின் வரிகள் அழிந்துவிடும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள்; தயாரிப்பாளர்கள் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் விருப்பம். அதுவரை, பலர் மாறி மாறி அணியும் அலுவலக ஹெட்செட்டில் உங்கள் ஐரிஸைத் திறவுகோலாகப் பதிவுசெய்யாதீர்கள். வங்கிக் கடவுச்சொல்லை அதில் கண்ணால் எழுதாமல், கையிலுள்ள விசைப்பலகையிலேயே எழுதுங்கள்.